கை தொடும் இடங்கள்: வீட்டைப் புதுப்பிப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டைப் புதுப்பிப்பது பற்றியவை. அவற்றிலும் சுவரின் நிறத்தையோ அறையின் அமைப்பையோ கேட்டவர்கள் குறைவு. கீல், தாழ்ப்பாள், குழாய், கைப்பிடி போன்ற சிறு பொருள்களைப் பற்றியும், அவற்றைப் பொருத்துகிறவர்களின் வேலைத்தரத்தைப் பற்றியும் கேட்டவர்களே அதிகம். மரவேலையிலும் கட்டட உள்வேலையிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்க ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி சுவருக்கும் தரைக்குமே போய்விட்டது. எஞ்சியதைக் கொண்டு கீல், பூட்டு, குழாய், அலமாரிக் கைப்பிடி, துண்டு மாட்டும் கம்பி என்று எல்லாவற்றையும் வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் நடுத்தரமானதை வாங்கிவிடலாமா?

பதில்: எல்லாவற்றிலும் நடுத்தரம் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள பொருள்கள் ஒரே அளவு உழைப்பவை அல்ல. அடுக்களைக் குழாயை ஒரு நாளைக்கு 40 முறை திறந்து மூடுவதாக வைத்துக்கொண்டால், ஓராண்டில் அது 14,600 முறை திரும்பியிருக்கும். துண்டு மாட்டும் கம்பியோ அந்த ஓராண்டும் சுவரில் சும்மாவே இருந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே தரம் வேண்டுமென்று நினைப்பதற்குக் காரணமே இல்லை.

நான் மூன்று வகைப் பொருள்களுக்கு முதலில் பணத்தை ஒதுக்கச் சொல்வேன். முதலாவது, அசைகிறவை: கீல், பூட்டு, இழுப்பறையின் சறுக்குத்தடம், குழாயின் உள்ளுறுப்பு. இரண்டாவது, எப்போதும் ஈரத்தில் இருப்பவை. மூன்றாவது, நம்மில் பலர் மறந்துவிடுவது: சுவருக்குள் புதைக்கப்படுகிறவை. குளியலறையில் வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் குழாயின் உடற்பகுதி சுவருக்குள்ளே இருக்கும். வெளியே தெரியும் தகட்டையும் பிடியையும் எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்றலாம், உள்ளே உள்ளதை மாற்ற வேண்டுமானால் சுவரில் பதித்த ஓடுகளை உடைத்தாக வேண்டும். கடையில் நாம் கைப்பிடியின் அழகைப் பார்த்து அரை மணி நேரம் தயங்கி நிற்கிறோம். பெட்டியில் கிடக்கும் அந்த உடற்பகுதியைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அலமாரிக் கைப்பிடி, கொக்கி, துண்டுக் கம்பி, கண்ணாடியைத் தாங்கும் கிளிப் ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். அவை பிடிக்காமல் போனால் ஒரு திருப்புளியோடு அரை நாளில் மாற்றிவிடலாம். கைப்பிடிகளை வாங்கும்போது இரு திருகாணித் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கைப்பிடிகள் 96, 128, 160 மி.மீ. என 32இன் மடங்குகளில்தான் வருகின்றன. அந்த அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தால், பிறகு மாற்றும்போது பழைய துளைகளையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: கடையில் எல்லாப் பொருளையும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்றுதான் சொல்கிறார்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று ஒருவர் சொன்னதை நம்பி, காந்தத்தோடு போய்ச் சோதித்து வாங்கினேன். 6 மாதத்தில் குளியலறைத் தாழ்ப்பாள்களில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. எங்கே தவறினேன்?

பதில்: காந்தச் சோதனை பாதி உண்மை. எஃகில் குரோமியம் போதிய அளவு சேர்ந்திருந்தால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயருக்குக் காரணம் அதுதான். வீட்டுப் பொருள்களில் அதிகம் புழங்கும் 304 என்ற வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. 202 என்ற மலிவான வகையில் நிக்கலைக் குறைத்து, அதற்கு ஈடாக மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். துருவை எதிர்ப்பதில் அது 304க்கு இணையாகாது. ஆனால் காந்தம் இரண்டிலுமே ஒட்டாது. 430 போன்ற நிக்கல் இல்லாத வகையில் நன்றாக ஒட்டும். ஆக, உங்கள் காந்தம் 430ஐ விலக்கியிருக்கும், 202ஐக் காட்டிக்கொடுத்திருக்காது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகடும் வளைக்கப்பட்ட இடங்களில் லேசாகக் காந்தத்தை இழுக்கும். அதைப் பார்த்து நல்ல பொருளை ஒதுக்கிவிட்டவர்களும் உண்டு. பெட்டியிலோ பொருளிலோ வகை எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீதிலும் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். கடலோரத்தில் வீடு இருந்தால் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316ஐக் கேளுங்கள்.

இருந்தாலும், தாழ்ப்பாளைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். தரை ஓடு பதித்து முடித்ததும் சிமெண்ட் கறையைப் போக்க அமிலம் ஊற்றிக் கழுவினார்களா? அந்த அமிலத்தின் ஆவி மூடிய குளியலறையில் தேங்கி நின்றால் உயர்ந்த வகை எஃகின் படலத்தையும் அரித்துவிடும். பக்கத்தில் யாராவது இரும்புக் கம்பியை அறுத்திருந்தால், பறந்த துகள்கள் தாழ்ப்பாளில் ஒட்டி, துகள்தான் துருப்பிடித்திருக்குமே தவிர, தாழ்ப்பாள் அல்ல. மென்மையான துணியில் சோப்பு நீரைத் தொட்டு, எஃகின் கோடுகள் ஓடும் திசையிலேயே துடைத்துப் பாருங்கள். புள்ளி போய், மீண்டும் வராவிட்டால் பொருள் நல்லது. வேலையின் வரிசைதான் பிழை. அமிலக் கழுவல் முடிந்து, நீர் விட்டு அலசி, அறை உலர்ந்த பிறகே உலோகப் பொருள்களைப் பொருத்த வேண்டும். இரும்பு நாரால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள். அது புதிய இரும்புத் துகள்களை விதைப்பதற்குச் சமம்.

கேள்வி: பளபளவென்று வெள்ளிபோல் மின்னும் குழாய் உள்ளே பித்தளையா, வேறு மலிவான உலோகமா என்பதை எப்படி அறிவது?

பதில்: கவிழ்த்துப் பாருங்கள். குரோமியப் பூச்சு வெளிப்பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். அடியில் மரை வெட்டப்பட்ட இடத்திலோ உட்துளையிலோ அடிப்படை உலோகம் வெளியே தெரியும். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. எடை ஓரளவுக்கே உதவும்: ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை ஏறத்தாழ 8.5 கிராம், துத்தநாகக் கலவை ஏறத்தாழ 6.7 கிராம். ஆனால் சுவர் மெலிந்த பித்தளைக் குழாய் கெட்டியான துத்தநாகக் குழாயைவிட இலேசாக இருக்கக்கூடும். துத்தநாகக் கலவையைக் கைப்பிடிக்கு வைத்துக்கொள்ளலாம். நீர் ஓடும் உடற்பகுதிக்கு வேண்டாம்.

கேள்வி: ஆசைப்பட்டுப் பூச்சு இல்லாத பித்தளைக் கைப்பிடிகளை வாங்கி மாட்டினேன். இப்போது அவை திட்டுத் திட்டாகக் கறுக்கின்றன. என் கணவர் மெருகேற்றி வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார். எனக்கோ அந்த நிறமே பிடித்திருக்கிறது. யார் சொல்வது சரி, ஐயா?

பதில்: குடும்ப வழக்குகளில் தீர்ப்புச் சொல்வதைத் தவிர்ப்பவன் நான், ஆனாலும் இதில் உங்கள் பக்கம்தான் என் ஓட்டு. பித்தளையில் உள்ள செம்பு காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து கறுக்கிறது. கை படும் இடம் தினமும் துடைக்கப்படுவதால் பளிச்சென்றே இருக்கும். கை எட்டாத ஓரங்களும் குழிவுகளும் ஆழ்ந்த பழுப்பாகும். முதல் சில மாதங்களில்தான் அது திட்டுத் திட்டாகத் தெரியும்; பிறகு ஒளிக்கும் நிழலுக்கும் இடையே ஓர் ஒழுங்கு வந்துவிடும். உங்கள் வீட்டில் யார் எங்கே பிடித்துக் கதவைத் திறக்கிறார்கள் என்பது அந்தப் பித்தளையில் எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் கணவர் சொல்லும் பூச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது: அது அடித்த நாளில் இருந்த பளபளப்பைச் சில காலம் காப்பாற்றும். ஆனால் கை அதிகம் படும் இடத்தில்தான் அது முதலில் தேயும். அப்போது தேய்ந்த இடம் மட்டும் கறுத்து, மற்ற இடம் பளபளப்பாக நிற்கும். அது இயல்பாகக் கறுத்ததைவிட அழகற்றது. முழுப் பூச்சையும் கரைத்து நீக்காமல் சரிசெய்யவும் இயலாது. பூசாத பித்தளைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. செம்பும் செம்புக் கலவைகளும் தம்மேல் படும் பல பாக்டீரியாக்களைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008இல் செம்புக் கலவைகளை இத்தன்மையுடையவையாகப் பதிவு செய்தது. பூச்சு அடித்தால் கைக்கும் செம்புக்கும் இடையே திரை விழுந்துவிடும். மெருகேற்றியே தீர வேண்டுமென்றால், அமிலத்தன்மை மிகுந்த எதையும் நெடுநேரம் ஊற விடாதீர்கள். பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் எஞ்சி, அந்த இடம் இளஞ்சிவப்பாகிவிடும்.

கேள்வி: படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது. புதிதாகப் போட்ட கதவு, ஓராண்டுகூட ஆகவில்லை. அடியில் இழைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் தச்சர். இழைக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

கதவை மூடி, நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சுற்றிலும் பாருங்கள். மேற்பக்க இடைவெளி கைப்பிடி உள்ள மூலையில் அகன்றும் கீல் உள்ள மூலையில் குறுகியும் இருந்தால், கதவு தொங்கிவிட்டது என்று பொருள். அதற்குக் காரணம் அடியில் இல்லை. மேல் கீலில் இருக்கிறது. இடைவெளி எங்கும் ஒரே சீராக இருந்து, ஈரப்பதம் மிகுந்த மாதங்களில் மட்டும் கதவு இறுகுமானால், அது மரத்தின் உப்பல். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இழைகளுக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில்தான் உப்பிச் சுருங்கும். ஆகவே உப்பிய கதவு பெரும்பாலும் பூட்டுள்ள பக்கவாட்டு விளிம்பில் பிடிக்கும்; தரையில் உரசாது. உங்கள் கதவு தரையில் உரசுவதால் முதல் காரணத்தையே சந்தேகிக்கிறேன்.

மேல் கீலைப் பற்றி ஒரு சிறு கணக்கு. கதவின் எடை 30 கிலோ, அகலம் 80 செ.மீ., மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 160 செ.மீ. என்று கொள்வோம். கதவின் எடை அதன் நடுவில், கீலிலிருந்து 40 செ.மீ. தள்ளி நின்று இழுக்கிறது. 30ஐ 40ஆல் பெருக்கி 160ஆல் வகுத்தால், மேல் கீலை நிலையிலிருந்து பிடுங்கும் விசை ஏழரைக் கிலோ எடைக்குச் சமம் என்பது தெரியும். அதே விசை கீழ்க் கீலை நிலைக்குள் அழுத்துகிறது. இரவும் பகலும், கதவு அசையாத நேரத்திலும், மேல் கீலின் திருகாணிகள் இந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அகலம் ஒன்றரை மடங்கானால் எடையும் ஒன்றரை மடங்காகும். பிடுங்கும் விசையோ இரண்டேகால் மடங்காகிவிடும். அகலமான கதவுகள் தொங்குவதன் காரணம் இதுதான்.

ஆகவே உங்கள் தச்சரிடம் மேல் கீலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கீலோடு பெட்டியில் வந்த குட்டைத் திருகாணிகளே போடப்பட்டிருக்கலாம். துளையிடாமல் சுத்தியால் பாதி அடித்துப் பிறகு திருகியதால் மரத்தின் பிடிப்பு சிதைந்திருக்கலாம். (இப்படி அடிப்பதைக் கண்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்வது என் வழக்கம், இதில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.) தளர்ந்த துளைகளைப் பெரிதாக்கி, கெட்டியான மரத்தால் முளை சீவிப் பசை தடவி அடித்து, காய்ந்த பிறகு அதில் புதிதாக மெல்லிய துளையிட்டு, நீளமான திருகாணியைப் போட வேண்டும். கனமான கதவென்றால் மூன்றாவது கீலைச் சேர்க்கலாம். வழக்கமாக அதை நடுவில் வைப்பார்கள்; கதவு வளையாமல் இருக்க அது உதவும். எடையைத் தாங்குவதுதான் நோக்கமென்றால், மேல் கீலுக்குச் சற்றுக் கீழே வைப்பதே பயன் தரும், ஏனெனில் இழுப்பு இருப்பது அங்கேதான்.

எல்லாம் முடிந்த பிறகும் உரசினால் அப்போது இழைத்துக்கொள்ளலாம். இழைத்த விளிம்புக்கு அன்றே வண்ணமோ மெருகோ பூசிவிட வேண்டும். பூசாத அடிவிளிம்பு ஈரத்தை உறிஞ்சும்.

கேள்வி: புதுக் குழாய் சில மாதங்களிலேயே சொட்டத் தொடங்கிவிட்டது. பிளம்பர், உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜ் (நீரைத் திறந்து மூடும் உள்ளுறுப்பு) மட்டம் என்கிறார்.

பதில்: இருக்கலாம். ஆனால் குழாயைப் பொருத்துவதற்கு முன், பைப்பைத் திறந்துவிட்டு உள்ளே கிடந்த மணலையும் பைப் துருவல்களையும் வெளியேற்றினாரா என்று கேளுங்கள். இக்காலக் குழாய்களில் ரப்பர் வாஷருக்குப் பதிலாக, கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சுழன்று நீரை அடைக்கின்றன. அந்த வட்டுகள் மிகக் கடினமானவை. ஆயினும் இடையில் சிக்கும் மணல் அவற்றின் விளிம்பைச் சிதைத்தாலோ பரப்பைக் கீறினாலோ, அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்காது. ரப்பர் வாஷர் காலத்துப் பழக்கத்தில் பலர் பிடியை முழு வலிமையோடு திருகி மூடுகிறார்கள். வட்டுக் குழாய்க்கு அது தேவையும் இல்லை, நல்லதும் இல்லை. கார்ட்ரிட்ஜை மாற்றுவது எளிது. மாற்றும்போது முதலில் நீரை ஓடவிடச் சொல்லுங்கள். நுனியில் உள்ள வலையையும் கழற்றிப் பாருங்கள். வலையில் மணல் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வாங்கிய கடையோடு சண்டை போட வேண்டியதில்லை.

கேள்வி: பாட்டனார் காலத்து வீட்டைப் புதுப்பிக்கிறோம். பழைய தாழ்ப்பாள்களும் பூட்டுகளும் பல அடுக்கு வண்ணத்தால் மூடிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் எடையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் ஒப்பந்ததாரர். மனம் ஒப்பவில்லை.

பதில்: மனம் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் மூக்கையும் நுரையீரலையும் காத்துக்கொண்டு கேளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வீட்டு வண்ணங்களில் ஈயம் சேர்க்கப்பட்டது. பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தாலோ தீயால் கருக்கினாலோ ஈயம் தூசியாகவும் புகையாகவும் கிளம்பும். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். பொருள்களைக் கழற்றி, இனி சமையலுக்கு எடுக்காத பாத்திரம் ஒன்றில் வெந்நீரில் மெதுவாகச் சூடேற்றி ஊற வைத்தால், பெரும்பாலான வண்ணம் தோலாக உரிந்து வரும். கையுறை அணிந்து, நைலான் தூரிகையால் ஈரமாகவே தேய்த்தெடுங்கள். உரிந்ததை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். கழற்றும் முன்பே எந்தக் கதவின் எந்தப் பக்கம் என்று சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள். அந்தக் காலத்துத் தாழ்ப்பாளும் நாதாங்கியும் ஒன்றுக்கொன்று இணையாக அரம் போட்டுச் சேர்க்கப்பட்டவை. மாற்றிப் பொருத்தினால் இரண்டுமே சேராது.

பூட்டு வேறு விஷயம். பழைய பூட்டு எல்லாமே எளிதில் திறக்கக்கூடியது என்று எண்ணிவிட வேண்டாம். ஜோசப் பிராமா செய்து, திறப்பவருக்குப் பரிசு என்ற அறிவிப்போடு லண்டன் கடையொன்றின் சாளரத்தில் வைத்த பூட்டை, 1851இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர்தான் முதன்முறையாகத் திறந்தார்; அதற்கு அவருக்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் சாதாரண வீடுகளின் உட்கதவுகளில் இருந்த பூட்டுகளில் பெரும்பாலானவை, ஒரு வளைந்த கம்பிக்கே இணங்கிவிடும் எளிய அமைப்புகள். எனவே வாயிற்கதவில் பழைய தகட்டையும் பிடியையும் அழகுக்காக அப்படியே விட்டு, பாதுகாப்புக்கு இன்றைய பூட்டொன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. உட்கதவுகளில் பழையவையே போதும்.

கேள்வி: கைவேலை, கைவேலை என்று பாராட்டுகிறார்கள். எனக்குச் செதுக்கல் நிறைந்த கதவைத் தவிர வேறு எதிலும் அது தெரிவதில்லை. நல்ல வேலைப்பாட்டை எதைக் கொண்டு அறிவது?

பதில்: செதுக்கலை முதலில் மறந்துவிடுங்கள். செதுக்கல் தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். பழகாத கண்ணுக்கும் அது தெரியும். இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். மரமும் சுவரும், ஓடும் ஓடும், பலகையும் சட்டமும் எங்கே சேர்கின்றனவோ அங்கேதான் வேலை செய்தவருடைய பொறுமை தெரியும்.

சட்டமும் நடுப்பலகையும் கொண்ட கதவொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டக்கட்டையின் முனையை நாக்குப்போல் சீவி, மற்றக் கட்டையில் வெட்டிய துளைக்குள் செருகியிருப்பார்கள். கட்டையின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாக்குக்கு என்பது தச்சர்களின் கணக்கு. நாக்கு தடித்தால் துளையின் சுவர் மெலியும். மெலிந்தால் நாக்கே முறியும். நடுப்பலகையை மட்டும் எங்கும் பசையால் ஒட்டாமல், சட்டத்தின் காடியில் சும்மா அமர்த்தியிருப்பார்கள். பலகை ஈரத்தில் அகலும், வறட்சியில் சுருங்கும்; அதற்கு அசைய இடம் வேண்டும். ஒட்டிவிட்டால் ஏதாவதொரு வறண்ட மாதத்தில் நடுவே பிளந்துகொள்ளும். பழைய கதவுகளில் பலகையின் ஓரத்தில் வண்ணம் பூசாத மெல்லிய கோடொன்று தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பலகை சுருங்கியபோது வெளியே வந்த பகுதி அது. பலர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அதைக் கண்டால் மகிழ்ச்சி. மரம் அசையும் என்பதை அறிந்த ஒருவர் செய்த கதவு என்பதற்கு அதுவே சான்று.

இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்து அதன் முன்மூலையைப் பாருங்கள். புறாவின் விரிந்த வால்போல் வெட்டிய பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருந்தால், முன்பலகையை எத்தனை முறை இழுத்தாலும் அது கழன்று வராது. இழுக்கும் திசையில் அந்த வடிவமே தடுக்கிறது. பற்களெல்லாம் ஒரே அகலமாக இருந்தால் பெரும்பாலும் இயந்திரம் வெட்டியது. வால்களுக்கு இடைப்பட்ட முளைகள் மட்டும் மிக ஒல்லியாகவும் இடைவெளிகள் சற்றே மாறியும் இருந்தால் கைவாளும் உளியும் வெட்டியவை. இதனால் இயந்திர வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் வெட்டிய இறுக்கமான பல், கையால் வெட்டிப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்த பல்லைவிட நல்லது. கையால் செய்தது என்பதற்காகவே ஒன்று உயர்ந்துவிடாது.

ஓட்டு வேலையில் வாசலில் நின்று பாருங்கள்: அறையின் இரு பக்கச் சுவர் ஓரங்களிலும் வெட்டிய ஓடுகள் ஒரே அகலமாக இருக்கின்றனவா, அல்லது ஒரு பக்கம் முழு ஓடும் மறுபக்கம் விரலளவுத் துண்டுமாக முடிகிறதா? முதலாவது, பதிக்கும் முன் அறையை அளந்து, நடுக்கோட்டிலிருந்து கணக்குப் போட்டவரின் வேலை. குளியலறைத் தரையில் 80க்கு 1 என்ற அளவுச் சரிவு இருந்தால் கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றும். ஒரு குவளை நீரை ஊற்றினால் அது தயங்காமல் வடிகாலைத் தேடிப் போகும். அந்த நீரோட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு நல்ல சிற்பத்தைப் பார்த்த நிறைவு உண்டாவதுண்டு.

மெய்யியலாளர் லுட்விக் விட்கென்ஸ்டைன் 1926 முதல் 1928 வரை வியன்னாவில் தம் தமக்கைக்கு வீடு கட்டும் பணியில் ஈடுபட்டார். அந்த வீட்டில் அலங்காரம் என்று எதுவுமே இல்லை. கதவுப் பிடிகளையும் அறையைச் சூடேற்றும் சாதனங்களையும் அவரே வடிவமைத்தார். வேலை முடியும் தறுவாயில், விகிதம் சரியில்லை என்று ஒரு கூடத்தின் கூரையை 3 செ.மீ. உயர்த்தச் செய்தார். அவ்வளவு தூரம் போக நம்மில் யாருக்கும் இயலாது. அங்கு வேலை செய்தவர்களின் பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் வேலைப்பாடு அளவில் இருக்கிறது, பூவேலையில் இல்லை என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ஒரே குளியலறையில் குரோமியம், பித்தளை, கறுப்பு மூன்றும் இருக்கலாமா?

பதில்: இருக்கலாம். இரண்டு நிறுவனங்களின் ‘பித்தளை நிறம்’ மட்டும் அருகருகே இருக்க வேண்டாம். வெவ்வேறு நிறங்கள் பக்கத்தில் நிற்பது விருப்பமாகத் தெரியும். ஏறத்தாழ ஒரே நிறங்கள் பக்கத்தில் நிற்பது பிழையாகத் தெரியும்.

கேள்வி: வேலை செய்கிறவர்களிடம் நுணுக்கமாகக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், கேட்காவிட்டால் ஏனோதானோவென்று முடித்துவிடுகிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

பதில்: முகம் சுளிப்பதற்கு அவர்கள் பக்கத்திலும் காரணம் உண்டு. பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வேலை பாதி நடந்த பிறகுதான் பொருள்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானே ஒருமுறை இந்தத் தவற்றைச் செய்தேன். கதவு செய்து முடித்த பிறகு, வடிவத்தில் மயங்கி ஒரு பூட்டை வாங்கி வந்தேன். கதவின் விளிம்பிலிருந்து சாவித் துளையின் மையம் வரை அதற்கு வேண்டிய தூரம், என் கதவின் பக்கச்சட்டத்துக்கு மிக அதிகம். வெட்டினால் சட்டத்தின் இணைப்பே அறுந்துவிடும் என்றார் தச்சர். நான் வற்புறுத்தினேன், அவர் வெட்டினார். அந்தச் சட்டம் இரண்டாம் ஆண்டில் விரிசல் விட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் தச்சரைத்தான் குறை சொன்னார்கள்.

ஆகவே கீல், பூட்டு, குழாய் அனைத்தையும் வேலை தொடங்கும் முன்பே வாங்கி, பெட்டியைப் பிரித்து அவர் கையில் கொடுங்கள். இந்தப் பொருள் சரிவருமா என்று அவரிடமே கேளுங்கள். கையில் வாங்கி, மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் ஒரு சொல்லில் நீங்கள் ஒரு வாரம் தேடினாலும் கிடைக்காத செய்தி இருக்கும். பிறகு ஒரு கதவை, ஓர் இழுப்பறையை, ஒரு சுவர்ப்பகுதியை மட்டும் முதலில் முழுமையாக முடிக்கச் சொல்லி, இருவரும் சேர்ந்து பாருங்கள். குறை நிறை எல்லாம் அந்த ஒன்றில் பேசித் தீரட்டும். மற்றவற்றுக்கு அதுவே அளவுகோல். அதன்பின் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மிகவும் இறுக்கிப் பிடித்துவிட்டு நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. நுணுக்கம் என்பது பெரும்பாலும் நேரம்தான். கதவைத் தூக்கி மாட்டி, கழற்றி, ஒரு சீவல் எடுத்து, மீண்டும் மாட்டிப் பார்க்கும் நேரத்துக்கு யாராவது ஒருவர் பணம் தரத்தானே வேண்டும்?

நன்றாக அமைந்த இடத்தைக் கண்டால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘வேலை அருமை’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘கீல் திருகாணிகளின் காடிகளை எல்லாம் ஒரே திசையில் நிறுத்தியிருக்கிறீர்களே’ என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அவர் இன்னும் எதையாவது செய்து வைத்துவிட்டு, நீங்கள் கண்டுபிடிக்கிறீர்களா என்று காத்திருப்பார்.

கேள்வி: என் மாமியாருக்கு விரல் மூட்டுகளில் வலி; நடையிலும் தடுமாற்றம். வீட்டைப் புதுப்பிக்கும் இந்நேரத்தில் அவருக்காக எவற்றை மாற்றலாம்?

பதில்: உருண்டைக் குமிழ்ப் பிடிகளை எடுத்துவிட்டு நெம்புகோல் வடிவப் பிடிகளை வையுங்கள், முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும். பிடியின் நுனி கதவை நோக்கி உள்வாங்கி முடிந்தால் சேலைத் தலைப்போ சட்டைக் கையோ மாட்டாது. குழாய்களும் அப்படியே, ஒற்றை நெம்புப் பிடியாக இருக்கட்டும்.

குளியலறையில் பிடித்து எழுவதற்கான கம்பிதான் முதன்மையானது. அதன் தடிமன் 32 முதல் 38 மி.மீ. வரை இருந்தால் வலியுள்ள விரல்களும் சுற்றிப் பிடிக்க முடியும். சுவருக்கும் கம்பிக்கும் இடையே 38 மி.மீ. அளவு இடைவெளி இருந்தால் கை நுழையும், அதற்கு மேல் அகன்றால் விழும்போது முழங்கை உள்ளே போய்ச் சிக்கக்கூடும். அமெரிக்க விதிகள் இத்தகைய கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. ஓட்டின்மேல் துளைபோட்டு பிளாஸ்டிக் முளையில் திருகிய கம்பி அதைத் தாங்காது. திருகாணி ஓட்டைத் தாண்டிக் கெட்டியான செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ இறங்க வேண்டும். தடுப்புச் சுவராக இருந்தால், ஓடு பதிப்பதற்கு முன்பே உள்ளே கெட்டிப் பலகை வைத்துவிட வேண்டும். ஓடு பதித்தாகிவிட்டால் அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிராது. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவுகோலை வைத்து இன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் துண்டு மாட்டும் கம்பியை வைக்காதீர்கள். தடுமாறும் கை எது எந்தக் கம்பி என்று பார்க்காது.